பக்கக் கம்பியின் போல்ட் நடுக்கடலில் முறிந்தது: பாய்ப்படகில் எந்த இடத்துக்கு எவ்வளவு பலம் தேவை என்று கணக்கிடுவது எப்படி?

கேள்வி: தண்டையார்ப்பேட்டைப் பாய்க்காரர்

அனைவருக்கும் வணக்கம். நண்பர்கள் நால்வர் சேர்ந்து, இருபது அடி நீளமுள்ள பழைய ஃபைபர் பாய்ப்படகு ஒன்றை வாங்கி, ஓராண்டாகப் பழுதுபார்த்து ஓட்டி வருகிறோம். எடை கட்டிய கீல் (படகின் அடியில் நீருக்குள் நீளும் தகடு) உடைய படகு. மொத்த எடை ஏறத்தாழ 900 கிலோ. பாய்மரம் அலுமினியம். அதை இரு பக்கமும் தாங்கி நிற்பவை 4 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். அக்கம்பிகள் டர்ன்பக்கிள் (முறுக்கிக் கம்பியை இறுக்கும் மரை இணைப்பு) வழியாகப் படகின் விளிம்பில் உள்ள செயின் பிளேட்டில் (கம்பியைப் படகோடு பிணைக்கும் உலோகத் தகடு) மாட்டப்பட்டிருக்கின்றன. முன்பாயின் பரப்பு 8 சதுர மீட்டர்.

சென்ற மாதம் ஒரு பிற்பகல், எண்ணூரிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்தோம். திருவொற்றியூருக்கு நேரே, கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்தபோது கடற்காற்று நன்றாக வலுத்துவிட்டது. திடீரென்று காற்று வரும் பக்கத்தில், அதாவது இடப்பக்கத்தில், துப்பாக்கி வெடித்ததுபோல ஓர் ஓசை கேட்டது. உச்சி வரை செல்லும் பக்கக் கம்பி தொய்ந்து ஆடியது. பாய்மரம் கண்முன்னே வில்லாக வளைந்தது. சுக்கானில் இருந்த நண்பர் ஒரு நொடியும் தாமதிக்காமல் படகைத் திருப்பி வலப்பக்கத்தில் காற்றை வாங்கியதால், எதிர்ப்பக்கக் கம்பி சுமையை ஏற்றுக்கொண்டது. பாயை இறக்கிவிட்டு, கைத்துடுப்பும் சிறிய மோட்டாருமாகக் கரை வந்து சேர்ந்தோம்.

கம்பி அறவில்லை. டர்ன்பக்கிளைச் செயின் பிளேட்டோடு இணைத்திருந்த போல்ட்தான் இரண்டாக முறிந்திருந்தது. பழைய 'பின்' (துளையில் செருகும் இணைப்பு முளை) தொலைந்துபோனதால், பாரிமுனைப் பக்கத்தில் ஒரு கடையில் வாங்கிய 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளை இரு பக்கமும் போட்டிருந்தோம். '316 எஃகு' (உப்பு நீரை நன்கு தாங்கும் துருப்பிடிக்காத எஃகு வகை) என்று சொல்லிக் கொடுத்தார்கள். தலை முதல் நுனி வரை மரை வெட்டிய போல்ட். முறிந்த முகத்தைப் படமெடுத்து இணைத்துள்ளேன். அந்த முகத்தில் மூன்றில் இரண்டு பங்கு பழுப்பாகவும், மீதி வெள்ளிபோல் பளபளப்பாகவும் இருக்கிறது.

ஒருவர் எல்லாவற்றையும் ஒரு அளவு கூட்டிப் போடச் சொல்கிறார். இன்னொருவர் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போடும் ஷேக்கிளையே (பின்னால் மூடும் யு வடிவ இணைப்பு வளையம்) போட்டுவிடலாம் என்கிறார். கண்ணை மூடிக்கொண்டு பெரிதாக்குவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. காற்று பாயைத் தள்ளும் விசை கம்பியில் எவ்வளவு சுமையாக வந்து சேர்கிறது, அதற்கு எந்தப் பலமுள்ள பொருளை வாங்குவது என்பதைக் கணக்கோடு யாராவது விளக்கினால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1: எண்ணூர்ப் பட்டறை

வணக்கம் தம்பி. முதலில் ஒன்று: உங்கள் நண்பர் படகைத் திருப்பிய வேகத்தால்தான் இன்று நாம் பாய்மரத்தைப் பற்றிப் பேசாமல் ஒரு போல்ட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவருக்கு என் பாராட்டுகளைச் சொல்லுங்கள்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழுப்பான பகுதியில், ஓரத்திலிருந்து உள்நோக்கி வளைவு வளைவாக மெல்லிய வரிகள் இருக்கின்றன. அலை வந்து திரும்பிய பிறகு ஈர மணலில் நிற்கும் வரிகளைப் போன்றவை. விரிசல் பல நாட்களாக, ஒவ்வொரு பயணத்திலும் சிறிது சிறிதாக உள்ளே நகர்ந்திருக்கிறது என்பதற்கு அவையே சாட்சி. அந்த விரிசலுக்குள் உப்பு நீர் புகுந்துதான் பழுப்பேறியது. பளபளப்பான பகுதி மட்டுமே அன்று பிற்பகல் முறிந்தது. ஆகவே அன்றைய காற்று உங்கள் போல்ட்டை முறிக்கவில்லை. ஏற்கெனவே மூன்றில் இரண்டு பங்கு முறிந்திருந்ததை முடித்துவைத்தது.

விரிசல் தொடங்கிய இடம் மரையின் பள்ளம். சுமை வெட்டும் தளத்தில் மரை வரவே கூடாது. 8 மில்லிமீட்டர் வழுவழுப்பான பின் ஒன்றின் குறுக்குப் பரப்பு 50 சதுர மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் போல்ட்டில் மரைப் பள்ளத்தின் அடியில் மிஞ்சுவது 18 சதுர மில்லிமீட்டர்தான். 4 மில்லிமீட்டர் கம்பிக்கான டர்ன்பக்கிளில் வழக்கமாக 8 மில்லிமீட்டர் பின்னுக்கான துளையே இருக்கும் என்பதால், உங்கள் போல்ட் அந்தத் துளையில் ஆடிக்கொண்டும் இருந்திருக்க வேண்டும். அதனால் சுமை பரவலாக அமராமல், ஒரே கோட்டில் குத்தியிருக்கும்.

இனிச் சுமைக்கு வருவோம். பக்கக் கம்பியின் சுமையைக் கண்டுபிடிக்கப் பலர் காற்றிலிருந்து தொடங்குவார்கள். படகிலிருந்து தொடங்குவதே சரி. காற்று படகைச் சாய்க்கிறது, படகு தன் எடையாலும் அகலத்தாலும் நிமிரப் பார்க்கிறது. இந்த இரண்டுக்கும் இடையே இழுபடுவதுதான் கம்பி. படகு எவ்வளவு எதிர்த்து நிற்குமோ அவ்வளவுதான் காற்றால் கம்பியில் சுமையேற்ற முடியும். அதற்கு மேல் காற்றடித்தால் படகு இன்னும் சாய்ந்து, பாயிலிருந்து காற்று வழிந்துவிடும். அதனால் ஒரே பரப்புள்ள பாயைக் கட்டினாலும், எளிதில் சாயும் படகின் கம்பியில் சுமை குறைவு, விறைப்பான படகின் கம்பியில் சுமை அதிகம்.

உங்கள் படகின் விறைப்பை நீங்களே அளக்கலாம். அலையில்லாத இடத்தில், கட்டுக்கயிறுகளைத் தளர்த்திவிட்டு, பாய்மரத்திலிருந்து 1 மீட்டர் நீளமுள்ள நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். மூவர் நடுக்கோட்டிலிருந்து ஒரே பக்க விளிம்புக்குப் போய் நிற்கட்டும். அவர்களின் மொத்த எடையை, அவர்கள் நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் சாய்க்கும் திருப்புவிசை கிடைக்கும். குண்டு எத்தனை சென்டிமீட்டர் விலகியது என்பதிலிருந்து சாய்வின் பாகை கிடைக்கும். ஒரு பாகைக்கு எவ்வளவு என்று வகுத்து, அதை 30-ஆல் பெருக்கி, காற்றுப்பக்க விளிம்பில் உட்காருபவர்களின் திருப்புவிசையையும் கூட்டுங்கள். கிடைத்ததைப் பாய்மரத்துக்கும் செயின் பிளேட்டுக்கும் இடையே உள்ள தூரத்தால் வகுத்தால், 30 பாகை சாய்வில் பக்கக் கம்பியில் வரும் சுமை ஏறத்தாழக் கையில் வந்துவிடும். அலையில் படகு குதித்து விழும்போது ஏற்படும் அதிர்ச்சிக்கும் தேய்மானத்துக்கும் இடம் வைத்து, கம்பியின் முறிவுப் பலம் இதைப் போல் இரண்டரை மடங்காவது இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

முன்பாயின் கயிற்றுக்கு வேறு கணக்கு. பாய்ப்படகுக் கப்பிகள் செய்யும் ஹார்க்கன் நிறுவனத்தாரின் சூத்திரத்தை நம் அளவைக்கு மாற்றினால், பாயின் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, காற்றின் வேகத்தை 'நாட்' அளவில் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்) எடுத்து அதன் வர்க்கத்தால் பெருக்கி, மறுபடி 0.021-ஆல் பெருக்க வேண்டும். விடை கிலோவில் வரும். உங்கள் 8 சதுர மீட்டர் பாயில் 20 நாட் காற்றுக்கு 67 கிலோ. 25 நாட்டுக்கு 105 கிலோ. காற்று கால் பங்குதான் கூடியது, சுமை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. பிற்பகல் கடற்காற்றை லேசாக எண்ணக் கூடாது என்பதற்கு இந்த வர்க்கமே காரணம்.

இதில் பலர் தவறும் இடம் கப்பி. கயிற்றில் 105 கிலோ இருப்பதால் கப்பியிலும் 105 கிலோதான் என்று எண்ணிவிடுகிறார்கள். கயிறு கப்பியில் எவ்வளவு திரும்புகிறது என்பதைப் பொறுத்தே கப்பியின் சுமை அமையும். 60 பாகை திரும்பினால் கயிற்றின் சுமையே கப்பிக்கும் வரும். 90 பாகைக்கு 1.41 மடங்கு, முழுவதுமாகத் திரும்பி வந்த வழியே போனால் இரண்டு மடங்கு. தளத்தின் பின்புறத்தில் கயிற்றை முன்னோக்கித் திருப்பும் கப்பி இருந்தால், அதற்கும் அதைத் தளத்தில் பிடித்திருக்கும் திருகுகளுக்கும் 25 நாட்டில் 200 கிலோவுக்கு மேல் வரும். பாயை ஏற்றும் கயிறு திரும்பும் உச்சிக் கப்பியும் இவ்வாறே இருமடங்கு சுமக்கிறது, அந்தச் சுமை முழுவதும் பாய்மரத்தைக் கீழ்நோக்கி அழுத்துகிறது.

ஷேக்கிளில் பொறித்திருக்கும் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாரம் தூக்கப் பயன்படும் ஷேக்கிளில் '1 டன்' என்றிருந்தால், பெரும்பாலும் அதன் முறிவுப் பலம் ஆறு மடங்கு வரை இருக்கும். பாய்ப்படகுக் கப்பியில் எழுதியிருக்கும் வேலைச்சுமைக்கும் முறிவுக்கும் இடையே பல நேரங்களில் இரண்டு மடங்குதான் இடைவெளி. எண் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு. எந்த எண்ணும் பொறிக்கப்படாத ஷேக்கிளைப் பாய்மரத்தைத் தாங்கும் இடத்தில் நான் போட மாட்டேன்.

மறுமொழி 2: காசிமேட்டுக் கடலோடி

வணக்கம் அண்ணா. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல்தொழில். தாத்தா கட்டுமரத்தில் பாய் கட்டிப் போனவர். நான் விசைப்படகில் இருக்கிறேன். பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான், காற்றுக்கு ஏற்ப இழுத்துவிடும் கயிறு தாமான் என்று சொல்லித்தான் வளர்ந்தோம். காற்று தெரியாத நேரத்தில் தாமானை முடிச்சுப் போட்டுக் கட்டிவைப்பவனைத் தாத்தா அருகில் சேர்க்க மாட்டார். ஒரு சுற்று சுற்றிக் கையில் பிடிக்க வேண்டும். கை தாங்காத சுமை வந்தால் கயிறு நழுவிப் போக வேண்டும். அங்கே கைதான் அளவுகோல். உங்கள் படகில் கம்பி இரவும் பகலும் முறுக்கேறி நிற்கிறது, விட்டுக்கொடுக்க யாரும் இல்லை. அதனால் எண்ணூர் ஐயா சொல்வதுபோல் கணக்கு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் விசைப்படகு ஷேக்கிளைப் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். நாங்கள் போடுவது துத்தநாகம் பூசிய இரும்பு. அதைத் துருப்பிடிக்காத எஃகோடு சேர்த்து உப்புத் தண்ணீரில் விட்டால், துத்தநாகம் சீக்கிரம் கரைந்து, பிறகு உள்ளே இருக்கும் இரும்பு துருவேறும். நாங்கள் ஆண்டுதோறும் மாற்றிவிடுவதால் எங்களுக்கு அது சரிப்படுகிறது. அலுமினியப் பாய்மரத்தில் எஃகுத் திருகு போட்ட இடத்திலும் இதே கேடுதான். அங்கே தின்னப்படுவது அலுமினியம். திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஷேக்கிளை எங்கே போட்டாலும், அதன் நீளவாக்கில் மட்டுமே இழுபட வேண்டும். பக்கவாட்டில் 90 பாகை இழுத்தால் அதன் பலம் பாதியாகிவிடும். கால்வாசி திரும்பிய நிலையில் மாட்டிக்கொண்டு வளைந்துபோன ஷேக்கிள்களை வலை இழுக்கும் இடத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பின்னை இறுக்கிய பிறகு அதன் கண்ணில் மெல்லிய கம்பியைக் கோத்து உடம்போடு கட்டிவிட வேண்டும். இஞ்சின் அதிர்விலும் அலையிலும் பின் தானாகக் கழன்றுவிடும். எஃகு மரையைக் கிரீஸ் தடவாமல் இறுக்கினால் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று: எங்களைப் பார்த்து யாராவது உங்கள் கம்பியின் நுனியை மடக்கி யு-கிளாம்ப் போடச் சொன்னால் கேட்காதீர்கள். வளைந்து கொடுக்கும் வயர் ரோப்புக்கு ஏற்பட்டது அது. அங்கேயும் கிளாம்பின் சேணம் (கம்பி அமரும் அடித்துண்டு) சுமை ஏறும் கம்பியின் மேலும், வளைந்த யு பகுதி வெட்டிவிட்ட வால் மேலும் அமர வேண்டும். மாற்றிப் போட்டால், சுமை தாங்கும் கம்பியையே அது நசுக்கிவிடும். பாய்மரத்தின் விறைப்பான கம்பிக்கு அது உதவவே உதவாது.

வேலை செய்ய வேண்டுமென்றால் தடைக்காலத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். அந்த நாட்களில் வெல்டரும் லேத்துக்காரரும் உங்களுக்குக் கிடைப்பது கடினம்.

கேட்டவரின் பதில்: தண்டையார்ப்பேட்டைப் பாய்க்காரர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலை, காற்று எழும் முன்பே தூக்குக்குண்டுச் சோதனையைச் செய்தோம். மூவரின் எடை சேர்ந்து 225 கிலோ; நடுக்கோட்டிலிருந்து 0.9 மீட்டர் தள்ளி நின்றோம். குண்டு 25 சென்டிமீட்டர் விலகியது. அது 14 பாகை. திருப்புவிசை 202 கிலோ-மீட்டர். ஒரு பாகைக்கு 14.4, 30 பாகைக்கு 432. அதனோடு விளிம்பில் மூவர் உட்காருவதற்கு 175 கூட்டினேன். சாய்வினால் அந்தத் தூரம் சுருங்குவதைக் கழித்த எண் அது. செயின் பிளேட் பாய்மரத்திலிருந்து சரியாக 1 மீட்டரில் இருப்பதால், கம்பியின் சுமை ஏறத்தாழ 600 கிலோ என்று வருகிறது. இது சரிதானா?

கம்பியைத் துடைக்கும்போது வேறொன்றும் கண்ணில் பட்டது. பழைய பருத்தித் துணியால் மேலிருந்து கீழாக உருவியபோது, ஸ்பிரெடருக்கு (பாய்மரத்திலிருந்து கம்பியை விலக்கிப் பிடிக்கும் குறுக்குத் தண்டு) அருகே இரண்டு இடங்களில் மீன்முள்போல ஏதோ துணியைப் பிடித்தது. இழை அறுந்து நிற்கிறது. அந்தக் கம்பி நான் நினைத்ததைவிட எளிதாக வளைகிறது. வெளிப்புறத்தில் ஆறு புரிகள் தெரிகின்றன, ஒவ்வொரு புரியும் மெல்லிய இழைகளால் முறுக்கப்பட்டிருக்கிறது.

மறுமொழி 3: எண்ணூர்ப் பட்டறை

கணக்கு சரி. சாய்வு கூடக் கூட, ஒவ்வொரு பாகைக்கும் கிடைக்கும் எதிர்ப்பு சற்றுக் குறைந்துகொண்டே போகும் என்பதால், உண்மைச் சுமை உங்கள் 600-ஐவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். உச்சிக் கம்பியோடு கீழ்க் கம்பியும் சுமையில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்கிறது.

ஆனால் நீங்கள் விவரித்த கம்பி பாய்மரத்தை நிறுத்தும் கம்பியே அன்று. அது 7×19 வகை, அதாவது 19 இழைகள் கொண்ட ஏழு புரிகள். சுக்கானையும் விஞ்ச் எனும் இழுவை உருளையையும் இயக்குவதற்கு, வளைந்து கொடுக்க வேண்டிய இடத்துக்கு உரியது. பாய்மரத்துக்கு வேண்டியது 1×19 வகை. நடுவில் ஓர் இழை, அதைச் சுற்றி ஆறு, வெளியே பன்னிரண்டு தடித்த இழைகள் என்று விறைப்பாக இருக்கும். 4 மில்லிமீட்டரில் 1×19 கம்பியின் முறிவுப் பலம் சுமார் 1,400 கிலோ. 7×19 கம்பி 1,000 கிலோவை எட்டுவதே அரிது, இழுக்கும்போது நீள்வதும் அதிகம். இழையும் அறுந்திருக்கும் நிலையில் இனி அதற்கு எந்த எண்ணும் சொல்ல முடியாது. இரு பக்கமும் முழுவதுமாக மாற்றிவிடுங்கள்.

4 மில்லிமீட்டர் 1×19 போட்டால் தாளில் 2.3 மடங்கு வருகிறது. நான் சொன்ன இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. ஆனால் மேலே சொன்ன இரண்டு காரணங்களால் உண்மையில் இரண்டரையைத் தாண்டிவிடும். 5 மில்லிமீட்டர் போட்டால் சுமார் 2,200 கிலோ கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் முனைகளுக்கும் டர்ன்பக்கிளுக்கும் பெரிய பின் வேண்டும். அதற்காகச் செயின் பிளேட்டின் துளையைப் பெரிதாக்கினால் துளையின் ஓரத்தில் தகடு மெலிந்து, கம்பியில் சேர்த்த பலத்தை அங்கே இழப்பீர்கள். ஆகவே 4 மில்லிமீட்டரிலேயே நின்று, மிச்சமாகும் பணத்தை இணைப்புகளில் செலவிடுங்கள். டர்ன்பக்கிளுக்கும் செயின் பிளேட்டுக்கும் இடையே, இரு திசையிலும் மடங்கும் டாகிள் என்ற இணைப்புத் துண்டு கட்டாயம் வேண்டும். அது இல்லாமல்தான் காற்று மறைவில் தொய்ந்த கம்பி ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் உங்கள் போல்ட்டை வளைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தது. பின் 8 மில்லிமீட்டர், வழுவழுப்பானது, துளையில் ஆடாமல் அமர வேண்டும். பின் கழலாமல் அதன் நுனியில் செருகும் ஸ்பிளிட் பின்னின் கால்களை முழுவதும் மடக்காமல், சிறிது விரித்தாலே போதும். கழற்ற வேண்டிய அவசரத்தில் அது உதவும்.

316 என்பதற்குக் காந்தத்தை வைத்துப் பார்ப்பது நம்பத்தக்க சோதனை அன்று. 304 என்ற வேறு வகை எஃகிலும் காந்தம் ஒட்டாமல் போகும். உருக்காலையின் சான்றிதழ் நகலைக் கேளுங்கள், தரமான போல்ட்டாக இருந்தால் தலையில் 316 வகைக்கு உரிய ஏ4 என்ற குறி பொறித்திருக்கும். எண்ணூர்ப் பக்கம் படகை நிறுத்துவதால், கரித்தூளும் சாம்பலும் உப்போடு சேர்ந்து முனைகளின் இடுக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் படாத இடுக்கில்தான் இந்த எஃகு அரிக்கப்படும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

புதுக் கம்பியை இறுக்குவதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. தளர்ந்த நிலையில் கம்பியின் மேல் 2 மீட்டர் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டர்ன்பக்கிளை முறுக்கும்போது அந்த நீளம் 1 மில்லிமீட்டர் கூடினால், 1×19 கம்பியில் முறிவுப் பலத்தின் 5 விழுக்காடு இழுவிசை ஏறிவிட்டது என்று பொருள். 3 மில்லிமீட்டர் கூடும்வரை, இரு பக்கமும் மாறி மாறி, அரைச் சுற்று அரைச் சுற்றாக முறுக்குங்கள்.

அதற்கு முன்பு, வலப்பக்கத்தில் இன்னும் மாட்டியிருக்கும் அந்த மற்றொரு போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். படம் அனுப்புங்கள்.

கேட்டவரின் பதில்: தண்டையார்ப்பேட்டைப் பாய்க்காரர்

கழற்றிவிட்டேன் ஐயா. மண்ணெண்ணெயில் கழுவி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். தலையிலிருந்து நான்காவது மரைப் பள்ளத்தில், பாதிச் சுற்றுக்கு முடிபோல ஒரு கீறல் ஓடுகிறது. அதன் ஓரம் பழுப்பேறியிருக்கிறது. அன்று எங்களைக் கரை சேர்த்தது இந்தப் போல்ட்தான். இன்று மாலையே பாய்மரத்தை இறக்கிப் படகின் மேல் கிடத்திவிட்டோம். 1×19 கம்பிக்கு அளவெடுத்து வைத்திருக்கிறேன்.